கால்பேக்குக்குள் நான் சேமித்த ‘சிறந்த வேகம்’ 42 நிமிடம் தாமதமாகிறது, சால்வர் தரும் விடையை மாமா ஏற்கவில்லை

குந்துகால்_கடல் | வெள்ளி இரவு 9.40

வணக்கம். பாம்பன் குந்துகாலில் எங்கள் மாமாவுக்கு ஒரு வள்ளம் இருக்கிறது, டீசல் இன்ஜின். தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) 12 கடல் மைல் போய் வலை விட்டு, அதே 12 மைல் திரும்புவார். ஓடுகிற நேரம் மட்டும் 4 மணி நேரத்துக்குள் அடங்கினால் விடியற்காலை ஏலத்துக்குக் கரை பிடிக்கலாம். எந்த இடத்தில் எந்த வேகத்தில் ஓடினால் டீசல் குறையும் என்று கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு இடத்தில் நிற்கிறேன்.

வழியை 1 மைல் வீதம் 24 துண்டாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டுக்கும் தண்ணீரில் வள்ளம் ஓடும் வேகம் ‘வே’ நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ‘நீ’ நாட் (துணையாக வந்தால் கூட்டல், எதிர்த்தால் கழித்தல்). டேங்கில் குச்சி விட்டு அளந்த வரையில் மணிக்கு 2 + 0.008 வே³ லிட்டர் என்பது ஓரளவு பொருந்துகிறது. ஆகவே,

ஒரு துண்டின் டீசல் = (2 + 0.008 வே³) ÷ (வே + நீ)
ஒரு துண்டின் நேரம் = 1 ÷ (வே + நீ)

டீசல் மொத்தம் குறைய வேண்டும், நேரம் மொத்தம் 4 மணியைத் தாண்டக் கூடாது, வேகம் 2 முதல் 9 நாட்டுக்குள். சோதனைக்காக நீவாட்டை எளிமையாக்கியிருக்கிறேன்: போகும்போது முழுக்க எதிர் 1 நாட், வரும்போது முழுக்கத் துணை 1 நாட். வரம்புகளுக்குள் குறைந்த மதிப்பைத் தேடித் தரும் நிரலான ஐபிஆப்ட் சால்வரை, பைத்தானில் சைஐபிஆப்ட் என்ற இணைப்பு வழியாகக் கூப்பிடுகிறேன். இலக்கு (மொத்த டீசல்), அதன் சரிவு (வேகத்தைச் சற்று மாற்றினால் டீசல் எந்த வீதத்தில் மாறும்), கட்டுப்பாடு (மொத்த நேரம்), கட்டுப்பாட்டின் ஜேக்கோபியன் (அதன் சரிவு) என நான்கு கால்பேக், அதாவது சால்வர் தனக்கு வேண்டும்போது கூப்பிடும் சார்புகள், எழுதினேன். ஹெஸ்ஸியன் (இரண்டாம் வகைக்கெழுக்கள்) தரவில்லை, அதைச் சால்வரே தோராயமாகக் கட்டிக்கொள்ளும் லிமிடெட் மெமரி போட்டிருக்கிறேன். தொடக்கம் எல்லாத் துண்டுக்கும் 5 நாட்.

முதல் சிக்கல். இலக்கு கால்பேக்குக்குள் ஒரு பிரிண்ட் வைத்தேன். 15.00, 14.84, 19.62, 15.71 என்று ஏறி இறங்குகிறது. அதனால் ‘இதுவரை வந்ததில் குறைவானது’ எதுவோ அதை ஒரு குளோபல் மாறியில் சேமித்து வைத்தேன். கடைசியில் அதை எடுத்துப் பார்த்தால் 14.84 லிட்டர், ஆனால் பயணம் 4.7 மணி. 42 நிமிடம் தாமதம், ஏலம் முடிந்துவிடும்.

இரண்டாவது. சால்வர் தானாக முடிக்கும்போது 15.49 லிட்டர் என்கிறது, போகவும் வரவும் ஒரே 6.16 நாட். ‘ஆப்டிமல்’ என்றும் எழுதிவிடுகிறது. மாமாவிடம் காட்டினேன். “எதிர் நீவாட்டுல கொஞ்சம் கூட்டிப் பிடிக்கணும், துணை நீவாட்டுல விட்டுப் பிடிக்கணும். ரெண்டுக்கும் ஒரே வேகம்னு எந்தக் கணக்கு சொல்லுது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

---

ஏர்வாடி_நிரல் | வெள்ளி இரவு 10.05

தம்பி, 24 மாறிக்கு ஐபிஆப்ட் எதற்கு? பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள எஸ்எல்எஸ்கியூபி சால்வர் போதும். அது 1988-இல் டீட்டர் கிராஃப்ட் எழுதியது, இந்த அளவுக் கணக்குக்கு நன்றாக ஓடும். கட்டுப்பாட்டைத் தரும்போது குறியை மட்டும் கவனித்துக்கொள். சைபையில் ‘இனெக்’ (சமனிலி) என்றால் சார்பு பூச்சியத்துக்கு மேல் இருக்க வேண்டும், அதனால் 4 கழித்தல் நேரம் என்று எழுத வேண்டும். என்எல்ஆப்ட் என்ற இன்னொரு நூலகம் இதற்கு நேர் எதிர், அங்கே பூச்சியத்துக்குக் கீழே. நான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது குறியை மாற்ற மறந்து, ‘நேரம் 4 மணிக்குக் குறையக் கூடாது’ என்று இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன்.

---

மண்டபம்_கணக்கு | வெள்ளி இரவு 10.50

சால்வரை மாற்றுவதற்கு முன்னால் இதையே சரியாகப் புரிந்துகொள்வோம். தம்பி கேட்ட இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதை மட்டும் இன்று சொல்கிறேன்.

சால்வர் உன் இலக்கு கால்பேக்கைக் கூப்பிடும்போது “இந்தப் புள்ளிக்கு நகர்ந்துவிட்டேன்” என்று அறிவிக்கவில்லை. “இங்கே வைத்தால் எவ்வளவு வரும்?” என்று கேட்டுப் பார்க்கிறது. ஐபிஆப்ட் ஒரு திசையைக் கண்டுபிடித்ததும் அதில் முழு அடி வைத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் அடியைக் குறைத்து மறுபடி பார்க்கும். அந்தச் சோதனைப் புள்ளிகள் எல்லாமே உன் கால்பேக்குக்கு வரும், அவற்றில் பல தூக்கி எறியப்படும். நீ பார்த்த 19.62 அப்படி எறியப்பட்ட ஒன்றாக இருக்கலாம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஐபிஆப்ட் வழியில் இருக்கும்போது உன் 4 மணிக் கட்டுப்பாட்டை மதித்தே ஆக வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை. மாறிகளின் எல்லைகளை, அதாவது உன் 2 முதல் 9 நாட் வரம்பை, அது வழி நெடுக உள்ளேயே வைத்திருக்கும் (ஏறத்தாழ 10⁻⁸ அளவு தளர்த்திக்கொள்ளும், அவ்வளவுதான்). ஆனால் பொதுக் கட்டுப்பாடுகள் முடிவில்தான் பூர்த்தியாகும். உன் தொடக்கப் புள்ளியையே பார்: எல்லா இடத்திலும் 5 நாட் என்றால் போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 5 மணி. அங்கிருந்து 4-க்கு வரும் வழியில் 4.7 மணிப் புள்ளிகள் வரத்தான் செய்யும். நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்ட புள்ளிக்கு டீசல் குறைவாக இருப்பதும் இயல்பு. ‘குறைவானது எதுவோ அது’ என்று நீ சேமித்தபோது, கட்டுப்பாட்டை மீறியதற்குப் பரிசு கொடுத்திருக்கிறாய்.

ஒரு கேள்வி. இலக்கு கால்பேக்குக்குள் ஏன் சேமித்தாய்? ஒவ்வொரு சுற்றுக்கும் கூப்பிடவென்றே இன்டர்மீடியட் கால்பேக் தனியாக இருக்கிறதே.

---

குந்துகால்_கடல் | வெள்ளி இரவு 11.15

அக்கா, அதையும் எழுதிப் பார்த்தேன். அதற்குச் சுற்று எண், இலக்கின் மதிப்பு, கட்டுப்பாட்டு மீறல், மியூ, அடியின் நீளம் எல்லாம் வருகிறது. வேகங்கள் மட்டும் வரவில்லை! அதனால்தான் இலக்கு கால்பேக்கில் கடைசியாக வந்த எக்ஸை (வேகங்களின் பட்டியலை) எடுத்து வைத்து, இன்டர்மீடியட்டில் அதைப் பயன்படுத்தினேன்.

---

மண்டபம்_கணக்கு | வெள்ளி இரவு 11.32

பலரும் செய்வது இதுதான். கடைசியாகக் கேட்கப்பட்ட புள்ளியும் கடைசியாக ஏற்கப்பட்ட புள்ளியும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உனக்கு உறுதி தரவில்லை. ஐபிஆப்ட் 3.14-க்கு முன்னால் இந்தக் குறை உண்மையில் இருந்தது. 3.14-இலிருந்து இன்டர்மீடியட் கால்பேக்குக்குள் நின்றபடி நடப்புப் புள்ளியைக் கேட்டு வாங்கலாம். சைஐபிஆப்ட்டில் அதற்கு ‘கெட் கரன்ட் இட்டரேட்’ என்ற முறை இருக்கிறது. வேகங்களும் பெருக்கிகளும் (ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் சால்வர் கணிக்கும் எண்கள்) சேர்ந்தே கிடைக்கும். கட்டுப்பாடு எவ்வளவு மீறியிருக்கிறது என்று கேட்பதற்கும் தனி முறை உண்டு. இன்டர்மீடியட்டுக்கு வெளியே இவற்றைக் கூப்பிடாதே.

குளோபல் மாறியை அழித்துவிடு. இரண்டாவது நோய்க்கு உன் சரிவுச் சார்பை அப்படியே இங்கே எழுது.

---

தங்கச்சிமடம்_வலை | சனி காலை 6.20

நான் புரோகிராம் எழுதுற ஆள் இல்ல. மகன் காட்டினான், படிச்சேன். மாமா சொன்னது சரிதான். எதிர் நீவாட்டுல மெதுவா போனா கடல்ல நிக்கிற நேரம்தான் கூடும், இன்ஜின் சும்மா குடிக்கும். துணை நீவாடு உங்களைத் தள்ளிக்கிட்டு வரும்போது ஏன் முறுக்கணும்?

அந்த அம்மா சொன்னதைப் படிச்சப்ப ஒண்ணு தோணுச்சு. வடகடல்ல (பாக் நீரிணைப் பக்கம்) தண்ணி குறைவு. அந்தக் காலத்துல அணியத்துல (வள்ளத்தோட முன்முனையில) ஒருத்தன் கயித்துல குண்டு கட்டி ஆழம் பார்த்துச் சொல்லிக்கிட்டே வருவான். அவன் வேலை ஆழத்தைச் சொல்றது. சுக்கான் பிடிக்கிறவன் வேற ஆள். ஆழம் பார்க்கிறவன் “இங்கதான் நல்ல இடம்”னு அவனே நங்கூரத்தைப் போட்டா என்ன ஆகும்? நீங்க அந்தக் கால்பேக்ல செஞ்சது அதுதானே தம்பி?

---

கீழக்கரை_சங்கு | சனி காலை 9.10

வலை அண்ணன் சொன்னதைத்தான் நான் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுப்பேன். அதே விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இலக்கு, சரிவு, கட்டுப்பாடு, ஜேக்கோபியன் — இவை கேட்டதற்குப் பதில் சொல்பவை. ஒரே புள்ளியை நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் ஒரே எண் வர வேண்டும். அதற்குள் ரேண்டம் எண் கூடாது, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, ‘பத்து சுற்று ஆகிவிட்டது, நேர வரம்பைக் கொஞ்சம் தளர்த்துவோம்’ என்று கணக்கையே மாற்றக் கூடாது. சால்வர் பழைய மதிப்புகளை ஞாபகத்தில் வைத்துத்தான் புதிய அடியை ஏற்பதா விடுவதா என்று தீர்மானிக்கிறது. லிமிடெட் மெமரி ஹெஸ்ஸியனும் பழைய சரிவுகளுக்கும் புதிய சரிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கட்டப்படுவது. நடுவில் கணக்கை மாற்றினால் அந்த ஞாபகம் முழுக்கப் பொய்யாகிவிடும். வரம்பை மாற்ற வேண்டுமா, சால்வரை முடித்துவிட்டு, கிடைத்த விடையைத் தொடக்கமாக வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

இன்டர்மீடியட் கால்பேக் வேறு வகை. அதற்குப் பார்க்கவும் நிறுத்தவும் மட்டும் உரிமை உண்டு. அது ‘பொய்’ (ஃபால்ஸ்) என்ற மதிப்பைத் திருப்பித் தந்தால் ஐபிஆப்ட் ‘பயனர் நிறுத்தச் சொன்னார்’ என்ற நிலையோடு முடித்துக்கொள்ளும். அப்படி நின்ற விடையை எடுக்கும் முன் கட்டுப்பாட்டு மீறல் எவ்வளவு என்று கட்டாயம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதே 42 நிமிடம் வேறு வழியில் திரும்பி வரும்.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. கால்பேக்குக்கு வரும் எக்ஸ் சால்வருக்குச் சொந்தமான நினைவிடம். அந்தச் சுட்டியைச் சேமித்து வைத்தால் பிறகு அங்கே வேறு எண்கள் இருக்கும். வேண்டுமென்றால் நகல் எடுங்கள். நான் ஒருமுறை 60 சுற்றுக்கான வரலாற்றைச் சேமித்துத் திறந்து பார்த்தேன், 60 வரியும் ஒன்றுபோல இருந்தது.

---

குந்துகால்_கடல் | சனி காலை 10.00

சங்கு காக்கா, வலை அண்ணே, நன்றி. குளோபல் மாறியை எடுத்துவிட்டேன். இப்போது இன்டர்மீடியட்டிலிருந்து வரும் வரிசையில் மீறலையும் சேர்த்துப் பார்க்கிறேன். 14.84 வந்த இடத்தில் மீறல் 0.7 மணி என்று நேராகவே தெரிகிறது.

அக்கா, என் சரிவு, ஒவ்வொரு துண்டுக்கும்:

(0.024 வே² × வே − (2 + 0.008 வே³)) ÷ (வே + நீ)²

---

மண்டபம்_கணக்கு | சனி காலை 11.25

கிடைத்துவிட்டது. வகுத்தல் விதியை எழுதிப் பார். மேலே இருப்பதன் வகைக்கெழு 0.024 வே². அதைக் கீழே இருப்பதால் பெருக்க வேண்டும், கீழே இருப்பது (வே + நீ). நீ வெறும் வே-யால் பெருக்கியிருக்கிறாய். சரியானது:

(0.024 வே² × (வே + நீ) − (2 + 0.008 வே³)) ÷ (வே + நீ)²

கையால் சரிபார்ப்போம். வே = 5 என்றால் 2 + 0.008 × 125 = 3. எதிர் நீவாட்டில் உண்மைச் சரிவு (0.6 × 4 − 3) ÷ 16 = −0.0375. துணை நீவாட்டில் (0.6 × 6 − 3) ÷ 36 = 0.0167. அதாவது எதிர்க்கும்போது வேகத்தைக் கூட்டு, துணை வரும்போது குறை என்று உண்மைச் சரிவு சொல்கிறது, உன் மாமா சொன்னதேதான். உன் சூத்திரம் இரண்டு இடத்திலும் 0.6 × 5 − 3, அதாவது பூச்சியம் தருகிறது. 24 துண்டுக்கும் பூச்சியம்!

இதில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது வேறு. உன் தவறான சரிவோடு உகந்த நிலைக்கான நிபந்தனையை எழுதினால் ஒவ்வொரு துண்டிலும்

0.016 வே³ − 2 = பெருக்கி

என்று வருகிறது. இதில் நீவாடே இல்லை. அதனால் எல்லாத் துண்டுக்கும் ஒரே வேகம்தான் தீர்வு. 4 மணிக் கட்டுப்பாட்டில் போட்டால் வே² − 6 வே − 1 = 0, வே = 3 + √10 = 6.16. டீசல் 15.49. உனக்கு வந்த எண்ணே அது. சால்வர் தவறவில்லை, நீ கொடுத்த பொய்ச் சரிவுக்கு அது மிகச் சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறது. கட்டுப்பாடு பூர்த்தியாகிறது, அதன் கண்ணுக்குச் சரிவுகள் சமனாகின்றன, ‘ஆப்டிமல்’ என்று எழுதுவதற்கு அதற்கு வேறு என்ன வேண்டும்?

சரியான சரிவோடு வரும் நிபந்தனை இது:

0.016 வே³ + 0.024 நீ வே² = 2 + பெருக்கி

எல்லாத் துண்டிலும் இந்த இடப்பக்கம் ஒரே எண்ணாக வர வேண்டும். உன் 6.16-ஐப் போட்டுப் பார்: எதிரில் 2.83, துணையில் 4.66. சமமில்லை. எந்தச் சால்வரும் இல்லாமல் விடையைச் சோதிக்க உனக்கு இப்போது ஒரு அளவுகோல் இருக்கிறது.

இனி எந்தக் கணக்கிலும் கையால் சரிவு எழுதினால், முதல் ஓட்டத்தில் ஐபிஆப்ட்டின் டெரிவேட்டிவ் டெஸ்ட் தெரிவை ‘ஃபர்ஸ்ட் ஆர்டர்’ என்று வை. அது தொடக்கப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாறியையும் சிறிதளவு அசைத்து, உன் சரிவோடு ஒப்பிட்டு, பொருந்தாத இடத்தைக் காட்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் யாரும் விடையைப் பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்டக் கூடாது என்பேன்.

---

தொண்டி_இளவல் | சனி மதியம் 12.40

அக்கா, சரிவே எழுதாமல் சால்வரையே கண்டுபிடித்துக்கொள்ளச் சொன்னால் என்ன? சைபையில் நான் அப்படித்தான் விடுகிறேன்.

---

மண்டபம்_கணக்கு | சனி மதியம் 1.15

24 மாறிக்குத் தாங்கும். ஒவ்வொரு சரிவுக்கும் கூடுதலாக 24 முறை இலக்கு கால்பேக் ஓடும். துல்லியம்தான் பிரச்சினை. கணினியின் இரட்டைத் துல்லியம் 2.2 × 10⁻¹⁶, முன்னோக்கி அசைத்துப் பார்க்கும் முறையில் அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான், அதாவது 10⁻⁸ பக்கம்தான், நல்ல சரிவு கிடைக்கும். ஐபிஆப்ட்டின் வழக்கமான முடிவு வரம்பும் 10⁻⁸. இரண்டும் உரசிக்கொண்டு கடைசியில் சால்வர் திணறும்.

இலக்குச் சார்பு வெறும் கூட்டல் பெருக்கல் அடுக்குகளால் ஆனது என்றால் கலப்பெண் தந்திரம் ஒன்று இருக்கிறது. வே-க்குப் பதில் வே + 10⁻²⁰ × ஐ (ஐ என்பது கற்பனை அலகு) என்று போட்டு, விடையின் கற்பனைப் பகுதியை 10⁻²⁰-ஆல் வகுத்தால் சரிவு முழுத் துல்லியத்தோடு வந்துவிடும். கழித்தலே இல்லாததால் இலக்கங்கள் தொலைவதில்லை. உள்ளே தனிமதிப்போ, பெரியது சிறியது ஒப்பீடோ இருந்தால் இது பலிக்காது.

கணக்குப் பெரிதாகும் என்றால் காசாடி போன்ற தானியங்கி வகைக்கெழுக் கருவிக்குப் போய்விடுவது நல்லது. தம்பியின் அடுத்த கட்டத்துக்கு அதுதான் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

---

ஏர்வாடி_நிரல் | சனி மதியம் 2.30

இளவல், சைபையில் இருப்பதால் இதையும் கேட்டுக்கொள். நேற்று நண்பன் ஒருவனுக்காக அரை நாள் இதில் போனது. துண்டுக்குத் துண்டு தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்று ஃபார் லூப்புக்குள் லாம்டா (பெயரில்லாத சிறு சார்பு) எழுதி, 24 கட்டுப்பாட்டைப் பட்டியலில் சேர்த்திருந்தான். பைத்தானில் லாம்டா அந்த நேரத்து எண்ணைப் பிடித்து வைக்காது, ஓடும்போதுதான் மாறியைத் தேடும். லூப் முடிந்த பிறகு எல்லா லாம்டாவுக்கும் கடைசி எண்ணே கிடைக்கும். 24 கட்டுப்பாடும் 24-ஆவது துண்டையே காவல் காத்துக்கொண்டிருந்தன. அந்த எண்ணை லாம்டாவின் இயல்பு மதிப்பாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

என்எல்ஆப்ட்டில் இன்னொரு குழி. அங்கே சரிவை ரிட்டர்ன் செய்வதில்லை, கொடுக்கப்பட்ட கிராட் அணிக்குள்ளேயே நிரப்ப வேண்டும். கிராட் = புதிய அணி என்று எழுதினால் பெயர்தான் மாறும், சால்வரின் கையில் இருப்பது பழையதாகவே இருக்கும். சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி போட்டு உள்ளடக்கத்தை மாற்றணும். கோபைலா போலச் சரிவு தேவைப்படாத முறைகளில் கிராட் காலியாக வரும், அதன் அளவு பூச்சியமா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடணும்.

---

குந்துகால்_கடல் | சனி மாலை 5.10

வந்துவிட்டது!

போகும்போது 6.54 நாட், வரும்போது 5.54 நாட். மொத்தம் 4.00 மணி, டீசல் 15.35 லிட்டர். அக்கா தந்த அளவுகோலைப் போட்டேன், 24 துண்டிலும் 3.456. பெருக்கி 1.456. டெரிவேட்டிவ் டெஸ்ட்டும் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. பழைய சரிவைத் திரும்பப் போட்டு அதே டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்தேன், வரிசையாகக் காட்டிக்கொடுத்தது. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

மாமாவிடம் காட்டினேன். “இதைத்தானே நான் சொன்னேன்” என்றார். பெருக்கி என்றால் என்ன என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

மண்டபம்_கணக்கு | சனி மாலை 6.00

நேரத்தின் விலை என்று சொல்லு. 4 மணி என்ற வரம்பில் நிற்கும்போது, ஒரு மணிக்கு 1.456 லிட்டர் வீதத்தில் அவர் நேரத்தை வாங்குகிறார். 6 நிமிடம் தாமதித்து வரச் சம்மதித்தால் சுமார் 0.13 லிட்டர் மிச்சம். 4.8 மணி வரை தளர்த்தினால் விலை பூச்சியமாகிவிடும், அதற்கு மேல் மெதுவாகப் போவதில் லாபம் இல்லை. ஏலத்தில் 6 நிமிடம் பிந்தினால் மீனுக்கு விலை எவ்வளவு இறங்கும் என்று அவருக்குத் தெரியும், உனக்கும் எனக்கும் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டு அவரே முடிவு செய்யட்டும்.

---

தங்கச்சிமடம்_வலை | சனி இரவு 7.45

15.49-க்கும் 15.35-க்கும் வித்தியாசம் 0.14 லிட்டர். அதுக்கா இவ்வளவு?

---

கீழக்கரை_சங்கு | சனி இரவு 8.20

நியாயமான கேள்வி, அண்ணே. மாமா வழக்கமாக 8 நாட்டில் ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொண்டு இதே சூத்திரத்தில் போட்டேன்: சுமார் 3 மணி 3 நிமிடம், 18.6 லிட்டர். அதிலிருந்து 4 மணி ஓட்டத்துக்கு இறங்கினாலே 3 லிட்டருக்கு மேல் மிச்சம். பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது, அதற்குச் சால்வரே தேவையில்லை. வேகத்தின் மும்மடி என்பதால் அப்படி.

ஆனால் நீவாடு ஒரே 1 நாட்டாக எங்கே நிற்கிறது? இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறும்போது கையால் கணக்குப் போட முடியாது. அந்தக் கணக்கை இதே கால்பேக்கில் ஓட்டினால், சரிவில் ஒரு ‘நீ’ விட்டுப்போனதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. எளிய கணக்கில் மாட்டியது நல்லதுக்குத்தான்.

---

குந்துகால்_கடல் | ஞாயிறு காலை 8.30

காக்கா சொன்ன அந்தக் கட்டத்துக்குத்தான் வருகிறேன். மாமா வலை விட்டபின் இன்ஜினை அணைத்து வைக்கும்போது வள்ளம் மிதந்து போகும் வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறார். அதில் காற்று தள்ளுவதும் கலந்திருக்கும், தெரியும். மணிக்கு ஒரு அளவு. இரண்டு அளவுக்கும் நடுவே நேர்கோடு போட்டு நீவாட்டை எடுத்தேன். இப்போது சால்வர் முடியவே மாட்டேன் என்கிறது. டூயல் மீறல் (உகந்த நிலைக்கான நிபந்தனையில் மிச்சமிருக்கும் பிழை) 10⁻² பக்கத்தில் நின்று ஆடுகிறது. சில ஓட்டங்களில் சுற்று எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து வருகிறது.

---

மண்டபம்_கணக்கு | ஞாயிறு காலை 10.10

‘ஆர்’ என்றால் ரெஸ்டரேஷன். இலக்கைத் தற்காலிகமாக விட்டுவிட்டு, கட்டுப்பாட்டு மீறலைக் குறைப்பதில் மட்டும் இறங்கியிருக்கிறது. எப்போதாவது வந்தால் பயமில்லை. அடிக்கடி வந்தால் கால்பேக்கைச் சந்தேகப்படு.

உன் நேர்கோட்டு நீவாட்டில் ஒவ்வொரு மணியிலும் ஒரு முறிவு இருக்கிறது. சார்பு தொடர்ச்சியாக இருக்கும், சரிவு தொடர்ச்சியாக இருக்காது. ஐபிஆப்ட் இரண்டு முறை வகைக்கெழு எடுக்கக்கூடிய சார்பை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. உகந்த விடை ஒரு துண்டைச் சரியாக மணி மாறும் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது என்றால், சால்வர் முறிவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிக்கொண்டே இருக்கும். அளவுகளுக்கு நடுவே கனவடிவ ஸ்ப்ளைன் போடு.

இரண்டாவது, இப்போது நீவாடு நேரத்தைப் பொறுத்தது. ஐந்தாம் துண்டை எத்தனை மணிக்குத் தொடுகிறாய் என்பது முதல் நான்கு துண்டின் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே முதல் துண்டின் வேகத்தை மாற்றினால் 24 துண்டின் டீசலும் மாறும். பழைய சரிவுச் சூத்திரம் இனிச் செல்லாது. கையால் சங்கிலி விதி எழுத முடியும், ஆனால் எழுதாதே. காசாடிக்குப் போ.

மூன்றாவது, வே + நீ எங்கேயும் பூச்சியத்தைத் தொடக் கூடாது. எதிர் நீவாடு 2 நாட்டை எட்டும் இடம் நோட்டில் இருந்தால் வேகத்தின் கீழ் எல்லையை 3-க்கு ஏற்று. இதைக் கட்டுப்பாடாக எழுதாதே, மாறியின் எல்லையாக எழுது. எல்லைக்குள் மட்டும்தான் ஐபிஆப்ட் வழி நெடுக நிற்கும் என்று முதல் நாளே சொன்னேன்.

---

தொண்டி_இளவல் | ஞாயிறு மதியம் 12.05

வேகத்தோடு வழியையும் சால்வரிடமே விட்டால்? குருசடைத் தீவைச் சுற்றி எந்தப் பக்கம் போவது என்று அதுவே சொல்லாதா?

---

கீழக்கரை_சங்கு | ஞாயிறு மதியம் 12.50

சொல்லாது, தம்பி. தீவுக்குள் நுழையாதே என்ற கட்டுப்பாடு குவிவானது இல்லை. தொடக்க வழியைத் தீவுக்குக் கிழக்கே வரைந்தால் கிழக்கே உள்ளதில் நல்லதைத் தரும், மேற்கே வரைந்தால் மேற்கே உள்ளதில். தீவைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் போகாது. இரண்டிலிருந்தும் தனித்தனியே தொடங்கி ஒப்பிட வேண்டும். மேலும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அந்த எல்லையைக் கணக்கில் முதல் கட்டுப்பாடாக எழுத வேண்டும், பிறகுதான் டீசல்.

---

குந்துகால்_கடல் | ஞாயிறு இரவு 9.55

ஸ்ப்ளைன் போட்டேன், காசாடிக்கு மாற்றினேன், கீழ் எல்லையை 3 ஆக்கினேன். நோட்டில் உள்ள நான்கு இரவுக்கும் ஓட்டிப் பார்த்தேன். நான்கும் ஒழுங்காக முடிகின்றன, ‘ஆர்’ எங்கேயும் வரவில்லை. நீவாட்டை ±1 ஆக வைத்தால் பழைய 15.35-ம் 1.456-ம் அப்படியே திரும்ப வருகின்றன, அதனால் புதிய நிரலை நம்புகிறேன்.

கால்பேக் என்று நான் எழுதுவது இப்போது ஒன்றே ஒன்று, சுற்றுக்குச் சுற்று வேகத்தையும் மீறலையும் கோப்பில் எழுதுகிற ஒன்று. அது எதையும் தொடுவதில்லை.

மாமாவுக்கு 24 எண் வேண்டாம் என்றார். போக நாலு, வர நாலு என்று எட்டு வேகமாகத் தொகுத்து, த்ராட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். டேங்கில் குச்சி விட்டால் அரை லிட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் 20 லிட்டர் கேனில் கோடு போட்டு, அதிலிருந்து இன்ஜினுக்கு நேராக ட்யூப் விடுகிறோம். செவ்வாய் இரவு பழைய மாதிரி ஒரு ஓட்டம், புதன் இரவு அட்டைப்படி ஒரு ஓட்டம். இரண்டு அளவையும் இங்கேயே எழுதுகிறேன்.

---

தங்கச்சிமடம்_வலை | ஞாயிறு இரவு 10.20

கேனைக் கட்டி வைங்க தம்பி, தென்கடல்ல அலை தூக்கும். ரெண்டு ராத்திரியும் ஒரே எடை ஏத்துங்க, ஐஸையும் சேர்த்துத்தான்.